கற்றலில் பின்தங்கும் மாணவர்களுக்கான ஆரம்பநிலை இடையீடு

கற்றலில் பின்தங்கும் மாணவர்களுக்கான ஆரம்பநிலை இடையீடு என்பது வாசிப்பு, எழுத்து, அடிப்படைக் கணக்கு ஆகியவற்றில் தடுமாறும் குழந்தையை, அத்தடுமாற்றம் தேர்வுத் தோல்வியாக முற்றுவதற்கு முன்பே கண்டறிந்து, அக்குழந்தை நிற்கும் நிலையிலிருந்தே தொடங்கிக் கற்பிக்கும் பள்ளி நடைமுறை ஆகும். இது பெரும்பாலும் தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளில் மேற்கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் ஆகிய திட்டங்கள் இந்நடைமுறையை வெவ்வேறு வழிகளில் கையாண்டன.

சொல் வழக்கு

இம்மாணவர்களைக் குறிக்கத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்ற சொல் பரவலாக வழங்குகிறது. 'மந்தம்', 'மக்கு' என்று முன்னர் கூச்சமின்றி வழங்கிய சொற்களை விட இது மேலானது. எனினும் இதுவும் துல்லியமான சொல் அன்று. பின்தங்கிய குழந்தைகள் அனைவரும் மெதுவாகக் கற்பவர்கள் அல்லர். பெற்றோருடன் கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ சென்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய குழந்தை, கரும்பலகை கண்ணுக்குத் தெரியாத குழந்தை, வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை ஆகியோரும் இதே பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர்.

ஒரு குழந்தைக்கு எங்கே தடை உள்ளது என்று அறிவதற்காக நடத்தப்படும் தேர்வு 'குறையறி தேர்வு' என்றும், அத்தடையை நீக்கக் கற்பிப்பது 'குறைதீர் கற்பித்தல்' என்றும் ஆசிரியர் பயிற்சி நூல்களில் வழங்கப்படுகின்றன. எவ்வளவு கற்றுள்ளார் என்று அளப்பது 'அடைவுத் தேர்வு' ஆகும். குறையறி தேர்வும் அடைவுத் தேர்வும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டின் மீதுதான் இக்கட்டுரையில் கூறப்படும் முறைகள் அனைத்தும் நிற்கின்றன.

முன்கூட்டியே கண்டறிவதன் தேவை

முதல் இரண்டு வகுப்புகளில் குழந்தை வாசிக்கக் கற்கிறது. மூன்றாம் வகுப்பு முதல் வாசித்துக் கற்க வேண்டியுள்ளது. சூழ்நிலையியல் பாடமும், கணக்குப் பாடத்தில் சொற்களால் தரப்படும் வினாக்களும் வாசிப்பை எதிர்பார்க்கின்றன. எனவே வாசிப்பில் ஏற்பட்ட சிறு பின்னடைவு எல்லாப் பாடங்களுக்கும் பரவுகிறது. வாசிக்கத் தெரிந்த குழந்தை மேலும் வாசித்து மேலும் சொற்களை அறிகிறது. தெரியாத குழந்தை வாசிப்பைத் தவிர்க்கிறது. இடைவெளி ஆண்டுதோறும் விரிகிறது. உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் எழுதிய கட்டுரையில் இதனை, உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற விவிலியக் கருத்தையொட்டி, 'மத்தேயு விளைவு' என்று விளக்கினார். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் 54 குழந்தைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கோனி ஜூயல், முதல் வகுப்பின் முடிவில் வாசிப்பில் பின்தங்கிய குழந்தை நான்காம் வகுப்பின் முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 0.88 என்று 1988இல் கண்டார். சிறிய ஆய்வுதான் என்றாலும், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்ற ஆறுதலுக்கு அது இடம் வைக்கவில்லை.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்று விதித்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் இதனை மாற்றிக்கொள்ள அரசுகளுக்கு இடமளித்தது. தமிழ்நாடு அனைவருக்கும் தேர்ச்சி என்ற முறையிலேயே தொடர்ந்தது. நிறுத்திவைக்கப்பட்ட குழந்தை பள்ளியை விட்டே நின்றுவிடுவது வழக்கமாதலால் இதற்கு வலுவான காரணம் உண்டு. ஆனால் தேர்ச்சி உறுதி என்ற நிலையில், குழந்தைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று உரக்கச் சொல்லும் மணி வேறெதுவும் பள்ளியில் இல்லாமற் போகக்கூடும். அம்மணி முதன்முதலாகப் பத்தாம் வகுப்பில் அடிக்கிறது. அப்போது மாவட்டந்தோறும் மெல்லக் கற்போருக்கான குறைந்தபட்சக் கற்றல் கையேடுகள் அச்சிடப்படுகின்றன. காலையும் மாலையும் சிறப்பு வகுப்புகள் நடைபெறுகின்றன. எந்த வரைபடத்தைப் பயின்றால் எத்தனை மதிப்பெண் என்று கணக்கிட்டு 35 மதிப்பெண்ணுக்கு வழி காட்டப்படுகிறது. ஆசிரியர்கள் இதற்குச் செலவிடும் உழைப்பு பெரிது. பல மாணவர்கள் தேர்ச்சியும் பெறுகின்றனர். எனினும் இது தேர்வுக்கான உதவியேயன்றி, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன வாசிப்பைத் தருவதன்று.

அடையாளம் காணும் முறைகள்

பின்தங்கும் குழந்தைகளைச் சோதனை மூலம் கண்டறியும் முயற்சி பிரான்சில் தொடங்கியது. அந்நாட்டு அரசு 1904இல் அமைத்த குழுவின் பணியையொட்டி, ஆல்பிரெட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் 1905இல் ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கினர். பிற்காலத்தில் நுண்ணறிவு ஈவு என்ற எண்ணாக இது மாறியது. உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டறியவே பினே இதனை உருவாக்கினார். பிறவி அறிவை அளக்கும் கோலாக அதனைக் கொள்வதை அவர் ஏற்கவில்லை.

வகுப்புத் தேர்வின் மதிப்பெண் இப்பணிக்கு ஏன் போதாது என்பதை ஓர் எளிய கணக்கின் மூலம் விளக்கலாம். 47 உடன் 38ஐக் கூட்டுக என்று மூன்றாம் வகுப்பில் கேட்கப்படுகிறது. விடை 85. ஒரு குழந்தை 715 என்று எழுதுகிறது. மற்றொன்று 75 என்றும், இன்னொன்று 84 என்றும் எழுதுகின்றன. மூன்றுக்கும் மதிப்பெண் சுழியே. ஆனால் முதற்குழந்தை 7, 8 ஆகியவற்றைக் கூட்டி 15 என்றும், 4, 3 ஆகியவற்றைக் கூட்டி 7 என்றும் அருகருகே எழுதியுள்ளது. அதற்குக் கூட்டத் தெரியும், இடமதிப்பு தெரியாது. பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டிக் காட்டும் பயிற்சி அதற்குத் தேவை. இரண்டாம் குழந்தை இனமாற்றிய ஒன்றைச் சேர்க்க மறந்தது. மூன்றாம் குழந்தைக்கு 7 கூட்டல் 8 என்பதில் தடுமாற்றம். முறை அதற்குத் தெரியும். மூவரையும் ஒன்றாக அமர்த்தி மேலும் இருபது கூட்டல் கணக்குகள் கொடுப்பது குறைதீர் கற்பித்தல் ஆகாது. முதற்குழந்தை இருபது முறையும் அதே தவற்றைச் செய்து, அத்தவற்றை நன்கு பழகிக்கொள்ளும்.

வாசிப்பைப் பொறுத்தவரை, குழந்தையைத் தனியே அழைத்து உரக்க வாசிக்கச் செய்வதை விடச் சிறந்த வழி இல்லை. வகுப்பு முழுவதும் கூடி ஒப்பிக்கும்போது, பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தையையும் வாசிக்கும் குழந்தையையும் பிரித்தறிய இயலாது. பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முன்முயற்சியில் 2005 முதல் ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்டு வரும் 'ஏசர்' கணக்கெடுப்பு இவ்வழியைப் பின்பற்றுகிறது. எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்ற வரிசையில் ஒரே தாளில் உள்ளவற்றைக் குழந்தை வாசிக்க வேண்டும். எந்த நிலை வரை வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. ஒரு குழந்தைக்குச் சில மணித்துளிகளே ஆகும்.

தமிழ் வாசிப்பில் கவனிக்க வேண்டியவை ஆங்கிலத்தில் கவனிக்க வேண்டியவற்றிலிருந்து வேறுபட்டவை. தமிழ் எழுத்துகள் 247 என்றாலும், உயிர், மெய், துணைக்குறிகள் ஆகியவற்றின் சேர்க்கையை அறிந்தால் உயிர்மெய் 216ஐயும் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தடுமாறும் குழந்தைகளில் பலர் இச்சேர்க்கையை உணராமல் அகர வரிசை எழுத்தை மட்டும் அடையாளம் காண்கின்றனர். 'கிளி' என்பதைக் 'களி' என்று வாசிக்கின்றனர். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போன்ற குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிக்கின்றன. 'கொ' என்பதில் குறி இரு புறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலிக்க முயலும் குழந்தை இங்கே தடுக்கி நிற்பது இயல்பு.

பேச்சு வழக்கை வாசிப்புப் பிழையாகக் கொள்வதும் அடிக்கடி நிகழும் தவறு. மதுரை உள்ளிட்ட தென்மாவட்டப் பேச்சில் ழகரம் பல இடங்களில் ளகரமாகவே ஒலிக்கிறது. வாழைப்பழம் என்பதை 'வாளப்பளம்' என்று வாசிக்கும் குழந்தை எழுத்தைச் சரியாக அறிந்தே வாசிக்கிறது. ஒலிப்பைத் தனியே திருத்தலாம். அதற்காக அக்குழந்தையை எழுத்தறியாதோர் குழுவில் சேர்ப்பது பொருந்தாது. மதுரையில் சௌராட்டிர மொழியை வீட்டில் பேசும் குடும்பங்களும் உள்ளன. வீட்டுமொழி வேறாக உள்ள குழந்தை முதல் வகுப்பின் தொடக்க மாதங்களில் பேசாதிருப்பதை அறியாமையாகக் கருதலாகாது.

பார்வை, செவித்திறன், பசி

பின்தங்கலுக்குக் காரணம் கற்றலுக்கு வெளியேயும் இருக்கலாம். ஆகவே எந்தக் குறையறி தேர்வுக்கும் முன்பாக கண், காது, வயிறு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை அறிவு. இதற்கு மதுரை நல்ல எடுத்துக்காட்டுகளைத் தருகிறது.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளி மாணவர்களின் பார்வைக் குறையைக் கண்டறிய ஆசிரியர்களையே பயிற்றுவிக்கும் முறையைக் கையாண்டு வருகிறது. ஆசிரியர் தம் பள்ளியிலேயே குறிப்பிட்ட தொலைவில் எழுத்து அட்டையை வைத்து மாணவர்களைச் சோதிக்கிறார். குறையுள்ளவர்கள் எனத் தோன்றுபவர்களை மட்டும் மருத்துவக் குழு பின்னர் பரிசோதித்துக் கண்ணாடி வழங்குகிறது. கிட்டப்பார்வையுள்ள குழந்தை தனக்குப் பார்வை குறைவு என்று கூறுவதில்லை. உலகமே மங்கலானது என்று எண்ணிக்கொள்கிறது. பின்வரிசையில் அமர்ந்து எழுதாமல் விழிக்கும் அக்குழந்தைக்குச் சோம்பேறி என்ற பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. தமிழ்நாடு அரசும் 2009இல் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தின் கீழ் பள்ளி மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வழங்கத் தொடங்கியது.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதித்து, தேவையானவர்களை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களுக்கு அனுப்புகின்றன. செவித்திறன் குறைவு, பேச்சு வளர்ச்சித் தாமதம் முதலியவை இம்மையங்களில் கவனிக்கப்படுகின்றன.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் பகுதியில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. 2023 ஆகத்து 25 முதல் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. அதுவரை பள்ளியில் முதல் உணவு நண்பகலில்தான். கூலி வேலைக்கு விடியலில் கிளம்பும் பெற்றோரின் குழந்தைகள் பலர் வெறும் வயிற்றோடு வந்தனர். வாசிப்பும் கணக்கும் பெரும்பாலும் காலைப் பாடவேளைகளில்தான் நடைபெறுகின்றன. மதுரை மாநகராட்சிப் பள்ளிகள், தல்லாகுளத்தில் உள்ள அறிஞர் அண்ணா மாளிகையைத் தலைமையிடமாகக் கொண்ட மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. கண்ணாடி மருத்துவத் துறையிடமிருந்தும், உணவு உள்ளாட்சியிடமிருந்தும், பாடம் கல்வித் துறையிடமிருந்தும் வருவதால், ஒரே குழந்தையைப் பற்றிய மூன்று செய்திகளும் ஒன்றுசேரும் இடம் வகுப்பாசிரியர் ஒருவரே.

அடுக்கு முறை உதவி

அமெரிக்காவில் 2004 வரை, குழந்தையின் நுண்ணறிவுக்கும் அடைவுக்கும் இடையே பெரிய இடைவெளி தோன்றிய பின்னரே சிறப்புக் கல்வி வழங்கப்பட்டு வந்தது. இடைவெளி தோன்ற ஆண்டுகள் ஆகுமாதலால் இது 'தோல்விக்காகக் காத்திருக்கும் முறை' என்று பழிக்கப்பட்டது. அவ்வாண்டு திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம், உதவிக்குக் குழந்தை எவ்வாறு பதிலளிக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்ள இடமளித்தது. முதல் அடுக்கில் அனைவருக்கும் நல்ல வகுப்பறைக் கற்பித்தல். அதில் தேறாதவர்களுக்குச் சிறு குழுவில் கூடுதல் கற்பித்தல். அதிலும் தேறாத சிலருக்குத் தனியாள் உதவி. ஒவ்வோர் அடுக்கிலும் சில வாரங்களுக்கு ஒருமுறை முன்னேற்றம் அளக்கப்படுகிறது.

நியூசிலாந்தில் மேரி கிளே 1970களில் உருவாக்கிய வாசிப்பு மீட்புத் திட்டம், பள்ளியில் ஓராண்டு முடித்த ஆறு வயதுக் குழந்தைக்கு நாள்தோறும் அரை மணி நேரம், 12 முதல் 20 வாரங்கள் வரை தனியே கற்பித்தது. உடனடிப் பயன் தெளிவாக இருந்தது. ஆனால் 2022இல் வெளியான அமெரிக்கத் தொடர் ஆய்வு ஒன்று, மூன்றாம், நான்காம் வகுப்புகளில் அப்பயன் நீடிக்கவில்லை என்று காட்டியது. தொடக்கத்தில் கொடுத்த ஊக்கம் பின்தொடர்தலின்றி நிலைக்காது என்பதும், ஊகித்து வாசிக்கப் பழக்கியதே குறை என்பதும் இதற்குக் கூறப்படும் இருவேறு விளக்கங்கள்.

தமிழ்நாட்டுத் திட்டங்கள்

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம். பி. விசயகுமாரின் முயற்சியால் தொடங்கியது. ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷி வேலிக் கிராமப் பள்ளிகளின் அட்டை முறை இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. பாடங்கள் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, படம் பொறித்த அட்டைகளாகத் தட்டுகளில் வைக்கப்பட்டன. சுவரில் தொங்கிய கற்றல் ஏணியில் குழந்தை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்து, உரிய குழுவில் பாயில் அமரும். ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, பகுதியாக உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே கற்கும் குழு என்று குழுக்கள் அமைந்தன. கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகையும், குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தலும் இருந்தன. அகர வரிசையை விட்டு, ட, ப, ம போன்ற எளிய வடிவமுள்ள எழுத்துகள் முதலில் கற்பிக்கப்பட்டன.

இம்முறையின் உண்மையான சிறப்பு அட்டைகளில் இல்லை. பத்து நாள் வராத குழந்தை திரும்பி வந்தபோது, வகுப்பு எங்கே சென்றுள்ளது என்ற கேள்வியே எழவில்லை. விட்ட படியிலிருந்தே அது தொடர்ந்தது. யாருக்கு உதவி தேவை என்பதும் தேர்வு வைக்காமலே ஏணியில் தெரிந்தது. ஆனால் நாற்பது குழந்தைகள் நாற்பது படிகளில் நிற்கும் வகுப்பை ஓர் ஆசிரியர் நடத்துவது கடினம். ஏணியின் கீழ்ப்படியில் நெடுநாள் நிற்கும் குழந்தையை ஏற்றிவிட வலுவான வழி வகுக்கப்படவில்லை. 2010களில் இது எளிமையாக்கப்பட்டு, பின்னர் படிப்படியாக விலகியது.

கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வேளைகளில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்குக் கற்பித்தனர். அபிசீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின்படி, 2021 திசம்பரில் கணக்கில் ஏறத்தாழ 0.7 திட்டவிலக்கமும் மொழியில் 0.3க்குச் சற்று மேலும் இழப்பு இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது. பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்த அண்டைவீட்டுப் பெண், நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் இவ்வளவு செய்ய இயன்றது கவனத்துக்குரியது.

எனினும் ஏசர் கணக்கெடுப்பின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் விகிதம் ஊரகத் தமிழ்நாட்டில் 2018இல் சுமார் 10 விழுக்காடாக இருந்து, 2022இல் 5 விழுக்காட்டுக்கும் கீழே சென்றது. அதாவது தொற்றுக்கு முன்பே பத்தில் ஒன்பது குழந்தைகள் அந்நிலையை எட்டவில்லை. பின்தங்கியோர் சிறுபான்மையினர் என்ற எண்ணத்தையே இவ்வெண்கள் ஐயுறச் செய்கின்றன. அடுக்கு முறையின் மொழியில் சொன்னால், கவனிக்க வேண்டியது முதல் அடுக்கே.

இப்பின்னணியில் 2022 சூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது அதன் இலக்கு. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கும், 2023-24 முதல் 4, 5 வகுப்புகளுக்கும் நடைமுறைப்படுத்தப்பட்டது. அடிப்படை மதிப்பீட்டின்படி குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைக்கப்பட்டனர். மூன்றாம் வகுப்புக் குழந்தையும் அரும்பு நிலையில் இருக்கலாம். அதற்கு அரும்புக்குரிய பயிற்சி நூலே தரப்பட்டது. 2025-26இல் 6 முதல் 9 வகுப்புகளுக்கு இதே நோக்கில் 'திறன்' என்ற திட்டம் கொண்டுவரப்பட்டது.

கற்றல் குறைபாடுள்ள குழந்தைகள்

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு முதலியவை நரம்பியல் காரணம் கொண்டவை. அறிவுக்குறைவால் வருபவை அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. தமிழ்நாட்டின் பொதுத் தேர்வுகளில் இம்மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஆசிரியர்கள் குறைபாடுகளைப் பூர்வாங்கமாகக் கண்டறிய 'நலம் நாடி' என்ற செயலி 2023இல் அறிமுகமானது.

2018இல் வெளியான நடுவண் அரசின் வழிகாட்டுதல்கள் இக்குறைபாட்டுக்கான பள்ளிச் சோதனையை மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதில் வைத்தன. சான்றிதழுக்கு இவ்வயது பொருத்தமே. அதற்கு முன் இயல்பான தாமதத்தையும் குறைபாட்டையும் உறுதியாகப் பிரிக்க இயலாது. உதவிக்கோ அவ்வரம்பு தேவையில்லை. ஆறு வயதில் ஒலியையும் எழுத்தையும் இணைக்கத் தடுமாறும் குழந்தைக்குத் தேவையான பயிற்சி, அதற்குக் குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒன்றே.

விமரிசனங்கள்

குழுவாகப் பிரிப்பது முத்திரை குத்துவதாக முடியும் என்பது பழைய குற்றச்சாட்டு. அரும்பு, மொட்டு, மலர் என்ற மென்மையான பெயர்கள் இதற்கு முழுமையான தீர்வாகா. எந்தக் குழு கீழ்நிலை என்பதைக் குழந்தைகள் இரண்டே நாளில் அறிந்துகொள்கின்றனர். குழுக்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை உண்மையாகவே மாற்றியமைக்கப்படுகின்றனவா என்பதே இங்கே முக்கியம்.

மற்றொரு விமரிசனம் பதிவேற்றச் சுமை பற்றியது. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளைச் செயலியில் பதிவதற்கே கற்பிக்கும் நேரம் செலவாகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2023இல் கல்வியியல் பட்டப் படிப்பு மாணவர்களைக் கொண்டு வெளி மதிப்பீடு செய்ய முற்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. தரவு மேலே செல்வது கண்காணிப்புக்குப் பயன்படலாம். ஆனால் 715 என்று எழுதிய குழந்தைக்கு மறுநாள் என்ன கற்பிப்பது என்ற முடிவு வகுப்பறையிலேயே எடுக்கப்படுகிறது. அதற்குச் செயலியின் வண்ண வரைபடத்தை விட, அக்குழந்தையின் பலகையில் உள்ள விடையே ஆசிரியருக்குப் பயன்படுகிறது. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில், ஐந்து வகுப்புகளையும் பதிவேடுகளையும் கவனிக்கும் ஆசிரியருக்கு ஒரு குழந்தையுடன் பத்து மணித்துளி தனியே அமர்வதே அரிதாக உள்ளது.